பின் ஷாக்கை வீட்டு வாசலிலேயே மாற்றலாமா?

? ஸ்ப்ளெண்டர் பைக்கின் பின்பக்க ஷாக் (ஷாக் அப்சார்பர்) இரண்டையும் லிஃப்ட் இல்லாமல் நானே மாற்ற முடியுமா? (திருப்பூர்)

தாராளமாக. சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்துக்கு இருபுறமும் கல் வைத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மற்ற பக்கத்து ஷாக், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மைத் தாங்கிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் சக்கரம் தொப்பென்று இறங்கும். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று முதலிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகச் செய்தாலும் ஒரு மணி நேரம் போதும்.

? ஷாக்கின் கீழ் நட் துருப்பிடித்து அசையவே இல்லை. சுத்தியலால் தட்டலாமா? (கடலூர்)

கூடாது, மரை போய்விடும். துருவை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் இரு சக்கரமும் தரையில் இருக்கும்போது, ரிங் ஸ்பேனர் போட்டு முதல் பிடியைத் தளர்த்துங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் முழு பலத்தையும் காட்டினால் அது சாய்ந்து உங்கள் மேலேயே விழும்.

? என் பைக்குக்கு எந்த ஷாக் பொருந்தும்? (ஊர் இல்லை)

என்ன பைக், எந்த வருடம்? எதுவுமே எழுதவில்லையே! இப்படிக் கேட்டால் எந்தக் கடைக்காரராலும் பதில் சொல்ல முடியாது.

? இடது ஷாக்கில் மட்டும் ஆயில் கசிகிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா? (தேனி)

போதாது. இதற்கு எத்தனை முறை பதில் எழுதியிருப்பேன்! ஆயில் போன ஷாக்கில் ஸ்பிரிங் மட்டும்தான் வேலை செய்யும், துள்ளலை அடக்க எதுவும் இருக்காது. சரி, அதை மாற்றிவிட்டீர்கள். வலது பக்கம் அதே வயது, அதே கிலோமீட்டர் ஓடிய பழசுதானே? ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தொளதொளவென்றும் இருந்தால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும். வளைவில் பின் சக்கரம் அலையும்.

என்னிடம் ஒரு வண்டி அப்படித்தான் வந்தது. இடது புதுசு, வலது ஆறு வருடப் பழசு. சீட்டின் பின்பக்கத்தை அழுத்திவிட்டால் ஒரே எழுச்சியில் அடங்க வேண்டும். அதுவோ மூன்று முறை ஆடி, அதுவும் கோணலாக எழுந்தது. வண்டிக்காரர் அதில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கியிருக்கிறார். ஒற்றை ஷாக்கை விற்கும் கடைகள் மீது எனக்குக் கோபம் உண்டு. காசு இல்லையென்றால் ஒரு மாதம் மெதுவாக ஓட்டுங்கள், பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். மாற்றியதும் ஸ்பிரிங் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

? பின்பக்கம் தூக்கலாகத் தெரிய ஓர் அங்குலம் நீளமான ஷாக் போடலாமா? (மதுரை)

வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தரையைவிட்டு எழும்பாது, சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும், செயின் தொய்வும் மாறும்.

? மோனோஷாக் (பின்னால் ஒரே ஷாக்) பைக்கையும் இதே முறையில், பின்பக்கத்தைத் தூக்கும் பேடாக் ஸ்டாண்டில் நிறுத்திக் கழற்றலாமா? (கோவை)

கூடவே கூடாது. பேடாக் ஸ்டாண்ட் தூக்குவது ஸ்விங் ஆர்மைத்தான். இருக்கும் ஒரே ஷாக்கை உருவினால் வண்டியின் உடல் அப்படியே கீழே இறங்கும். ஃபிரேமைத் தனியாகத் தாங்க வசதி இல்லாதவர்கள் பட்டறைக்கே கொண்டுபோங்கள்.

? புது ஷாக்கின் கீழ்க் கண் (போல்ட் நுழையும் துளை) அரை அங்குலம் தள்ளி நிற்கிறது. (நாகர்கோவில்)

முதலில் பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். ஒரே நீளம்தான் என்றால், ஒருவர் சக்கரத்தை லேசாகத் தூக்கிப் பிடிக்கட்டும், போல்ட் தானாக நுழையும். அப்போதைக்கு நட்டைக் கையால் மட்டும் பூட்டுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, சீட்டில் ஆளை உட்காரவைத்த பிறகு முழுதாக இறுக்குங்கள், அப்போதுதான் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்ளாது. அப்புறம் மறுபக்கம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான்.