பாட்டுப் படமும் பறிபோன பணமும்: வாசகர் கேள்வி-பதில்

மழை தொடங்கியதும் தபால் பெட்டியின் சுபாவமே மாறிவிடுகிறது. மிக்ஸி, கிரைண்டர் புகார்கள் குறைந்து, வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர்களின் புகார்கள் குவிகின்றன. அதிலும் அடிதடிப் பட ரசிகர்கள் யாரும் எழுதுவதில்லை. காதல் படம், பாட்டுப் படம், கடைசியில் கல்யாணத்தில் முடிகிற படம் பார்க்கிறவர்கள்தான் ஏமாந்துபோய் எழுதுகிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

புது டிவி வாங்கி ஒரு வாரம் ஆகிறது. ‘காதலிக்க நேரமில்லை’ போட்டால் சீரியல் போலத் தெரிகிறது. முகங்கள் வேறு அகலமாக இருக்கின்றன. குறையுள்ள டிவி என்று மாற்றித் தருவார்களா?
— கடலூர் முதுநகர்

மாற்றித் தர மாட்டார்கள், ஏனென்றால் டிவியில் குறை இல்லை. சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுவது. உங்கள் டிவி நடுநடுவே தானாகச் சில படங்களைச் செய்து சேர்த்து ஓட்டத்தை வழவழப்பாக்குகிறது. கிரிக்கெட்டுக்கு அது நல்லது, காதல் காட்சிக்கு ஆகாது. அமைப்புகளில் ‘மோஷன்’ என்று தொடங்கும் எதையும் நிறுத்திவிடுங்கள். படத்தின் தோற்றத்துக்கு ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அகலத்துக்குக் காரணம் வேறு. தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை வந்தது 1973இல், ‘ராஜராஜ சோழன்’ படத்தோடு. உங்கள் படம் 1964இல் வந்தது. அந்தக் காலப் படங்கள் ஏறத்தாழ சதுரமானவை. இருபுறமும் கறுப்புப் பட்டை தெரியத்தான் வேண்டும். அதைப் பொறுக்க முடியாமல் திரை முழுக்க இழுத்தால் நாகேஷுக்குக்கூடக் கன்னம் வந்துவிடும்.

மனம் சோர்ந்த நாட்களில் பார்ப்பதற்கென்றே ஒரு படம் வைத்திருக்கிறேன். அதற்காகவே ஒரு ஓடிடி தளத்தில் 1,499 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டினேன். நான்காவது மாதம் படத்தைக் காணோம். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
— வங்கி ஊழியர், லாஸ்பேட்டை

கேட்கலாம், கிடைக்காது. ‘படங்கள் அவ்வப்போது மாறும்’ என்ற வரி நிபந்தனைகளில் இருக்கும். நீங்கள் படிக்காமல் ‘சம்மதம்’ தட்டியிருப்பீர்கள். வங்கியில் வேலை பார்ப்பவரே இப்படிச் செய்தால் மற்றவர்களை நான் என்ன சொல்வது? பெரும்பாலான படங்களைத் தளங்களும் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் எடுத்துத்தான் காட்டுகின்றன. காலம் முடிந்தால் படம் போய்விடும். அந்தப் படத்தின் பெயரைப் போட்டு, ஆண்டு முழுவதும் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்திருந்தால் மட்டும் கதை வேறு. அது தவறான விளம்பரம். அதன் திரைப்பதிவு (ஸ்கிரீன்ஷாட்) கையில் இருந்தால் புகார் செய்யுங்கள்.

என் மனத்தாங்கல் இதோடு முடியவில்லை. புதுப்படம் பார்க்கிறவர்கள் ஒரு சாதி, தேறுதலுக்குப் பார்க்கிறவர்கள் வேறு சாதி. முதல் வகையினருக்கு வாரம் ஒன்று புதிதாக வேண்டும். இரண்டாம் வகையினருக்கு எந்தப் பாட்டு எப்போது வரும், எந்த இடத்தில் எழுந்துபோய்க் காபி போட்டால் வில்லன் காட்சி தப்பும் என்பதெல்லாம் மனப்பாடம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதுதான் அவர்களுக்குச் சுகம். அவர்களுடைய படங்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். அப்படிப்பட்டவருக்கு ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள கிடங்கின் வாசலைக் காட்டி, ஆண்டுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஐந்து ஆண்டில் நீங்கள் கட்டுவது 7,495 ரூபாய். அதன் பிறகும் உங்கள் கையில் ஒரு படம் இருக்காது. ‘வாங்கு’ என்று பொத்தான் வைத்து விற்கிறார்களே, அதையும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது பார்க்கும் அனுமதிதான். கணக்கு போனால் படமும் போகும். டிஸ்க் ஒன்றுதான் உங்கள் அலமாரியில் இருக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். உங்கள் பத்துப் படங்களை ஒரு தாளில் எழுதுங்கள். பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றை உரிமையாளர்களே யூடியூபில் இலவசமாக ஏற்றியிருக்கிறார்கள், முதலில் அங்கே தேடுங்கள். மீதிக்கு டிஸ்க் கிடைக்கிறதா பாருங்கள். அதற்கும் மீதி இருந்தால் மழை மாதங்களுக்கு மட்டும் மாதச் சந்தா எடுங்கள். எடுக்கும்போதே தானியங்கிப் பணப்பிடிப்பை நிறுத்திவையுங்கள். யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியில் உங்கள் அனுமதிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சேருவதைச் சுலபமாகவும் விலகுவதைச் சிக்கலாகவும் வைத்திருப்பதற்கு ‘சந்தாப் பொறி’ என்றே பெயரிட்டு, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். விலகும் பொத்தானைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

என் கணவர் தினமும் ஒரே காதல் படத்தைப் போட்டுப் பார்க்கிறார். பெரிய டிவி வாங்கினால் வேறு படமும் பார்ப்பாரா?
— மஞ்சக்குப்பம்

மாட்டார். அதே படத்தைப் பெரிதாகப் பார்ப்பார்.

பாரிஸில் இருக்கும் அத்தை ஒரு பெட்டி நிறையப் பழைய பாட்டுப் பட டிவிடிகள் அனுப்பியிருக்கிறார். எங்கள் பிளேயர் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. எல்லாம் போலியா?
— அரியாங்குப்பம்

அத்தையைச் சந்தேகிக்காதீர்கள். உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து டிவிடிகளைப் பூட்டிவைத்தார்கள். பிரான்ஸ் 2ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். உறையின் பின்பக்கத்தில் பூமிப்பந்துக்குள் எண் போட்டிருக்கும். எல்லா மண்டலங்களையும் படிக்கும் பிளேயர்கள் உண்டு, விலையும் அதிகம் இல்லை. வாங்கும்போது இந்த டிஸ்க்குகளில் ஒன்றைக் கடைக்கே எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கணினியில் மண்டலத்தை மாற்றலாம், ஆனால் டிரைவ் ஐந்து முறைதான் அனுமதிக்கும், ஆறாவது முறை கிடையாது. வசன வரிகள் பிரெஞ்சில் மட்டும் இருக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியில் யாருக்காவது பிரெஞ்சு தெரிந்தால் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

எப்படியும் நீங்கள் என்னைவிட மேல். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் நான் பேரம் பேசி வாங்கிய டிஸ்க்கின் உறையில் ஒரு காதல் ஜோடி மழையில் நனைந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தது குங்ஃபூ படம்.

திருமண நாளுக்கு மனைவியோடு பார்க்க, முழுக்கப் பாட்டாகவே இருக்கிற பிரெஞ்சுப் படம் என்று சொல்லி ‘ஷெர்பூரின் குடைகள்’ டிஸ்க்கை ஒருவர் விற்றார். உறை அத்தனை வண்ணமாக இருந்தது. கடைசியில் இருவரும் சேரவே இல்லை. மனைவி அழுதுவிட்டார். விற்றவர் மீது நடவடிக்கை எடுக்க முடியுமா?
— முத்தியால்பேட்டை

முடியாது. படத்தின் முடிவு சேவைக் குறைபாட்டில் வராது. முழுக்கப் பாட்டு என்றார், ஒவ்வொரு வசனமும் பாட்டாகவே இருக்கிறது. வண்ணம் இருந்தது, சுவர்த்தாள் வரைக்கும் வண்ணம். 1964இல் கான் விழாவில் முதல் பரிசு வாங்கிய படத்தைப் பற்றி நாலு வரி படிக்காமல் திருமண நாளுக்குப் போட்டது உங்கள் பொறுப்பு. பாட்டு இருந்தால் சுபம் என்று எண்ணுவது தமிழ் ரசிகரின் பழக்கம், பிரெஞ்சு இயக்குநர் அதற்குக் கட்டுப்பட்டவர் இல்லை. அந்த இயக்குநர் ழாக் தெமி, அதே இசையமைப்பாளர் மிஷேல் லெக்ராந்தோடு 1967இல் எடுத்த ‘ரோஷ்ஃபோர் நங்கைகள்’ இருக்கிறது. அதைப் போட்டு மனைவியைச் சமாதானப்படுத்துங்கள். முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம், படம் வந்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

கணவர் காலமான பிறகு இரவில் தூக்கம் வருவதில்லை. பழைய காதல் படங்கள்தான் துணை. வீட்டுக்கே வந்த ஓர் இளைஞர் டிவியில் செருகும் குச்சி ஒன்றைக் கொடுத்து, ‘ஆயுள் முழுக்க எல்லாப் படமும் வரும், அம்மா’ என்று 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆறு வாரத்தில் நின்றுவிட்டது. அவர் போனை எடுப்பதில்லை. மகனிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
— ஓய்வு பெற்ற ஆசிரியை, நெல்லிக்குப்பம்

டீச்சர், வெட்கப்பட வேண்டியது அந்தப் பையன். தனியாக இருக்கும் பெண்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டுதான் இவர்கள் வருகிறார்கள். ‘ஆயுள் முழுக்க’ என்ற சொல்லை நம்பியது தவறே இல்லை. உங்கள் காலத்தில் விற்றவர்கள் அந்தச் சொல்லுக்குப் பொருள் வைத்திருந்தார்கள்.

இன்றே குச்சியைக் கழற்றிவிடுங்கள். இத்தகைய கருவிகள் திருட்டு இணைப்பில் ஓடுபவை. அந்த இணைப்பை யாராவது முடக்கினால் எல்லாம் நின்றுவிடும். அதைப் பொருத்தும்போது உங்கள் மின்னஞ்சல், கடவுச்சொல், கார்டு எண் எதையாவது அவர் தட்டினாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தட்டியிருந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வங்கிக்குப் போய்க் கார்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். பணம் போன் வழியாகப் போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் அவருடைய போன் எண்ணோடு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். பணம் திரும்பும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். ஆனால் அடுத்த தெருவில் இன்னொரு அம்மாவிடம் அவர் போகும்போது உங்கள் மனு உதவும்.

மகனிடம் சொல்லுங்கள். கோபித்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். உங்கள் டிவியில் யூடியூப் இருந்தால் தமிழ்ப் பழைய படங்களை வரிசையாகச் சேர்த்துவைக்க அவருக்கு அரை மணி நேரம் ஆகும். நடுவே விளம்பரம் வரும், தொல்லைதான். காசு கேட்காது.

மொட்டைமாடியில் குடும்பத்தோடு பாட்டுப் படம் பார்க்க ஆசை. ‘4கே, 9,000 லூமென்ஸ்’ என்று 6,000 ரூபாய்க்கு ஒரு ப்ரொஜெக்டர் இணையத்தில் இருக்கிறது. வாங்கலாமா?
— தேவனாம்பட்டினம்

‘4கே ஆதரவு’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், வெளியே காட்டுவது வேறு. அதன் சொந்தத் துல்லியம் என்ன, அதாவது எத்தனை புள்ளிகளில் படம் காட்டும் என்று கேளுங்கள். இந்த விலையில் 1280 × 720 கிடைத்தாலே அதிர்ஷ்டம். 4கே என்றால் 3840 × 2160. லூமென்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. அதற்கு ‘ஆன்சி லூமென்ஸ்’ எண்ணை, அதாவது தர முறைப்படி அளந்த எண்ணைக் கேளுங்கள். அதைச் சொல்லாமல் ஆயிரக்கணக்கில் அள்ளிவிடும் விற்பனையாளரிடம் இருந்து விலகுங்கள். மேலும் நீங்கள் கடலை ஒட்டி இருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் விசிறி உப்புக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இப்படி ஒன்று என் வீட்டுப் பரணிலும் இருக்கிறது. நிலா வெளிச்சத்தில் கதாநாயகியின் குரல் மட்டும் வந்தது. யாருக்காவது வேண்டுமானால் எழுதுங்கள், இலவசமாகத் தருகிறேன். விசேஷ வீடுகளுக்கு ப்ரொஜெக்டர் வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு இரவுக்கு நல்லதாக ஒன்றை எடுங்கள். திரைக்கு வெள்ளை வேட்டி போதும், சரிகைக்கரை இல்லாததாக.

கடலூரில் 13,000 ரூபாய் சொன்ன சவுண்ட்பார் புதுச்சேரியில் 11,000க்குக் கிடைத்தது. பில் இல்லாமல் என்றால் இன்னும் 800 குறைப்பதாகச் சொன்னார்கள், சரி என்றேன். இப்போது பாட்டு வந்தாலே கரகரக்கிறது. ‘எங்களிடம் வாங்கவே இல்லை’ என்கிறார் கடைக்காரர்.
— திருப்பாதிரிப்புலியூர்

அவர் சொல்வது எந்தக் காகிதத்தை வைத்துப் பார்த்தாலும் உண்மை! எத்தனை முறை எழுதுவது? புதுச்சேரியில் வரி குறைவு என்று பஸ் ஏறிப் போன காலம் 2017 ஜூலை 1 அன்று முடிந்தது. ஜிஎஸ்டி இரண்டு ஊரிலும் ஒன்றுதான். இப்போது யாராவது பில் இல்லாமல் விலையைக் குறைத்தால், அவர் கட்டாத வரியில் உங்களுக்கு ஒரு சில்லறை தருகிறார், பதிலுக்கு உங்கள் உத்தரவாதத்தை எடுத்துக்கொள்கிறார். 800 ரூபாய்க்கு அதை விற்றவர் நீங்கள்.

சரி, திட்டியாயிற்று. யுபிஐயில் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அந்தப் பதிவே சான்று. பெட்டியில் உள்ள வரிசை எண்ணோடு தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தைக் கேளுங்கள். சில நிறுவனங்கள் தயாரித்த தேதியில் இருந்து கணக்கிட்டுப் பழுதுபார்க்கும். வழக்கு என்று வந்தால் புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் கம்பியை மாற்றிப் பாருங்கள். பல கரகரப்புகள் 200 ரூபாய் கம்பியில் தீர்ந்துவிடும்.

தியேட்டரில் காதல் படம் பார்க்க இணையத்தில் டிக்கெட் எடுத்தேன். நான் கேட்காமலே பாப்கார்ன் சேர்ந்து, கட்டணமும் கூடிவிட்டது. உள்ளே தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டார்கள்.
— கல்லூரி மாணவி, புதுச்சேரி

இரண்டுக்கும் இரண்டு பதில். கேட்காத பொருளைக் கூடையில் போடுவது நான் மேலே சொன்ன 13 தந்திரங்களில் இன்னொன்று. திரைப்பதிவோடு 1915க்குப் புகார் கொடுங்கள், பாப்கார்ன் பணத்தைக் கேளுங்கள். தண்ணீர் விஷயத்தில் தியேட்டர்காரருக்கு அதிகாரம் உண்டு. வெளி உணவைத் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு குறித்திருக்கிறது. இடைவேளையில் மேலாளரிடம் போய் ‘குடிநீர்க் குழாய் எங்கே?’ என்று எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள்.