கம்ப்யூட்டர் படிக்கிற பெண்ணுக்கு இது எதற்கு?

அன்புள்ள ஐயா,

என் மகள் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் படிக்கிறாள். பட்டம் வாங்க எத்னிக் ஸ்டடீஸ் என்று, சிறுபான்மை இனத்தவரின் வரலாற்றைச் சொல்கிற ஒரு பாடம் கட்டாயமாம். கறுப்பர்களும் பூர்வகுடிகளும் மெக்சிகோக்காரர்களும் பட்ட கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வேண்டியவர்கள் படிக்கட்டுமே, நான் ஏன் அதற்குப் பணம் கட்ட வேண்டும்? அவர்கள் சண்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நாம் வந்தோம், உழைத்தோம், முன்னேறினோம்.

கி., ஃப்ரீமான்ட்

அன்புள்ள கி.,

முதலில் பணக் கணக்கை முடித்துவிடலாம். பட்டத்துக்கு வேண்டிய சுமார் 120 யூனிட்டில் இது 3. அதுவும் கூடுதலாகச் சேர்த்ததல்ல, சமூக அறிவியலுக்கு ஒதுக்கியிருந்ததிலிருந்து பிரித்துக் கொடுத்தது. அமெரிக்க வரலாறும் அரசியலமைப்பும்கூட அங்கே கட்டாயம்தான். அதற்காக யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

நமக்கென்ன சம்பந்தம் என்கிறீர்கள். உங்கள் மகள் படிக்கிற அதே சான் ஹோசேயில், 1928-ல், ஒரு வாடகை அறையில் வைஷ்ணோ தாஸ் பகாய் தற்கொலை செய்துகொண்டார். பெஷாவர்காரர். 1915-ல் மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கியவர். கையில் காசு இருந்தது, ஆங்கிலம் இருந்தது, கடை வைத்தார். பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமான் சட்டியோடு போனால், அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு உள்ளேயே விடவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டு 1921-ல் குடியுரிமை வாங்கினார். 1923-ல் பகத் சிங் திந்த் என்ற இன்னொரு இந்தியரின் வழக்கில், இந்தியர் வெள்ளையரல்ல, ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். பகாயின் குடியுரிமை பறிபோனது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற அந்நியர் நிலச் சட்டம் சொத்தையும் விட்டுவைக்கவில்லை. வந்தார், உழைத்தார், முன்னேறினார் என்று நீங்கள் சொல்கிற வரிசையில் அவரும் எதையும் தவறவிடவில்லை.

அந்த வழக்கில் திந்த் தரப்பு வைத்த வாதத்தை உங்கள் மகள் அவசியம் படிக்க வேண்டும். தான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன் என்பது மனு. கல்யாண விஷயத்தில் அமெரிக்கர் கறுப்பரை எப்படிப் பார்க்கிறாரோ அப்படித்தான் உயர்சாதி இந்து இந்தியப் பூர்வகுடியைப் பார்க்கிறார் என்று அதற்கு ஒரு சான்று வேறு. மணமகள் தேவை விளம்பரம் படித்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்தவனைக் கீழே தள்ளிக் காட்டி உள்ளே நுழையப் பார்த்தார்கள், அப்படியும் கதவு திறக்கவில்லை.

இந்தப் பாடத்தை யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. 1968 நவம்பர் 6-ல் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஆசிய, லத்தீன், பூர்வகுடி மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து மாதம் போல நீடித்தது. கல்லூரியின் தற்காலிகத் தலைவராக வந்த ஹயகாவா, ஜப்பானிய வம்சாவளிக்காரர், மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டிமேல் ஏறி ஒயரைப் பிடுங்கிப் போட்டார். அதில் கிடைத்த பேரில் பிறகு செனட்டரும் ஆனார் என்பது தனிக் கதை. மாணவர்கள் கேட்டதில் ஒரு பகுதி 1969-ல் எத்னிக் ஸ்டடீஸ் கல்லூரியாகக் கிடைத்தது. அந்தக் கல்லூரியும் சான் ஹோசேயும் சேர்ந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத் தொகுதி முழுவதற்கும் அந்தப் பாடம் கட்டாயமாக 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மசோதாவைக் கொண்டுவந்த ஷர்லி வெபர், சான் டியாகோவில் அந்தத் துறையிலேயே பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஆட்சேபம் ஒன்றுதான் எனக்கு வலுவாகப் படுகிறது. பல்கலைக்கழகம் எதைக் கற்பிக்க வேண்டும் என்று சட்டமன்றம் சொல்லலாமா? பேராசிரியர்களிலேயே ஒரு பகுதியினர் இதைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இன்று சேர்க்கிற கை நாளை நீக்கும். அரிசோனாவில் அதுதான் நடந்தது. டூசான் பள்ளிகளில் இருந்த மெக்சிகன் அமெரிக்கர் பாடத்தைக் குறிவைத்து 2010-ல் சட்டமே போட்டார்கள். 2017-ல் அதைச் செல்லாது என்றவர் நீதிபதி தஷிமா. இரண்டாம் உலகப் போரின்போது அதே அரிசோனாவின் போஸ்டன் (Poston) முகாமில் குடும்பத்தோடு அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கப் பிள்ளைகளில் அவரும் ஒருவர்.

இருந்தாலும் கட்டாயம் வேண்டும் என்றே சொல்வேன். விருப்பப் பாடமாக விட்டால், விஷயம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள்தான் வந்து உட்காரும். மற்றவர்கள் சி பிளஸ் பிளஸ் போதும் என்று போய்விடுவார்கள்.

சரி, எந்தப் பிரிவை எடுப்பது? சட்டம் நான்கு பிரிவைச் சொல்கிறது. இந்தியப் பிள்ளைகளுக்கு ஆசிய அமெரிக்கர் பாடம் சுலபமாகத் தோன்றும். என்னைக் கேட்டால் ஆப்பிரிக்க அமெரிக்கர் பாடத்தை எடுக்கச் சொல்லுங்கள். 1946 சட்டப்படி இந்தியாவுக்குக் கிடைத்த குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். நாடு பார்த்து ஒதுக்கும் அந்த முறையை ஒழித்த 1965 சட்டம், கறுப்பர்களின் சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது வந்தது. உங்கள் கிரீன் கார்டு அந்தப் பாதையில் வந்ததுதான். பகாயின் கதையை நீங்களே வீட்டில் சொல்லிவிடலாம்.