உங்கள் குடும்பத்தில் இன்றும் மறக்காமல் பேசப்படுகிற தோட்டத்து மாடு, ஆடு, நாய் ஏதும் உண்டா?

உண்டு. ஆனால் அதை நான் கண்ணால் கண்டதேயில்லை.

நான் பிறந்தது 1998இல், கொழும்பில். வளர்ந்தது வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில். எங்கள் வீட்டில் கிழமைக்கு ஒருதரமாவது பேச்சில் வந்துவிடுகிற சிவப்பி என்ற பசு 1995லேயே எங்கள் குடும்பத்தின் கையை விட்டுப் போய்விட்டது. இருந்தாலும் அதற்கு ஒரு கொம்பு உள்ளுக்கு மடங்கியிருக்கும், தவிட்டில் தூசு கிடந்தால் தொட்டியை மூக்கால் தள்ளிவிடும், எள்ளுப் புண்ணாக்கை நன்றாக ஊறவிட்டுக் கரைத்தால்தான் வாய் வைக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அம்மாவின் ஊர் யாழ்ப்பாணத்து உரும்பிராய். செம்மண் தோட்டம், வெங்காயம், மரவள்ளி, கொஞ்சம் புகையிலை. போர் நடந்த காலம், 1990இலிருந்து அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. யூரியா வராது, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. அந்த நேரத்தில் மாட்டெரு இருந்தவன்தான் தோட்டம் செய்தான். பால்மாவும் கிடைக்காத காலம். ஊரே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிக்க, தாங்கள் பால் தேத்தண்ணி குடித்ததை அம்மா இன்றும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்லுவார்.

பின்னேரத்தில் அம்மப்பா பச்சைப் பனையோலையைக் கிழித்துப் போடுவாராம். கன்று போட்டால் இளங்கொடியை, அதாவது நஞ்சுக்கொடியை, சாக்கில் கட்டி ஆலமரத்தில் தூக்குவதும் அவர்தான். பால் வடிகிற மரத்தில் தொங்கினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது ஊர் நம்பிக்கை. பட்டிப் பொங்கலன்று சிவப்பிக்குக் குங்குமப் பொட்டு வைக்க அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சண்டை நடக்குமாம். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. "என்ர கை பட்டால்தான் அது பால் விடும்" என்பார் அம்மா. கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் பெரியம்மாவும் அதே வசனத்தைத் தன்னைப் பற்றிச் சொல்லுவார். மாட்டை என்னைப் போலவே காணாத அப்பா இடையில் புகுந்து, "கன்று பக்கத்தில நிண்டால் ஆர் கறந்தாலும் பால் வரும்" என்பார். விஞ்ஞானப்படி அப்பா சொல்வதுதான் சரி. ஆனால் அந்த வீட்டில் விஞ்ஞானத்துக்கு யார் மதிப்புக் கொடுத்தார்கள்!

வீமன் என்றொரு நாயும் இருந்தது. குண்டு போட வருகிற புக்காரா விமானத்தின் சத்தம் மனிதருக்குக் கேட்க முதலே அது பங்கருக்குள், அதாவது பதுங்கு குழிக்குள், இறங்கிவிடுமாம். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடுவார்கள். மாட்டுக்குப் பங்கர் இல்லையே என்று அம்மம்மா மட்டும் கொட்டில் பக்கம் பார்த்துக்கொண்டே கடைசியாக இறங்குவாராம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, எங்கள் ஊர் இருக்கிற வலிகாமப் பகுதியே வெளிக்கிட்டது. மழை. சைக்கிளில் சாமான், நாவற்குழிப் பக்கம் அடி வைக்க இடமில்லாத சனம். புறப்பட முதல் அம்மப்பா செய்த வேலைகளை அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லுவார். தொட்டி நிறையத் தண்ணீர் வார்த்தார். வைக்கல் போரை இழுத்து விரித்துவிட்டார். படலையைத் திறந்து வைத்தார். மாட்டைக் கட்டையிலிருந்து அவிழ்த்ததோடு நிற்கவில்லை, கழுத்துக் கயிற்றையும் அறுத்தெறிந்தார். கயிறு வேலியில் சிக்கினால் மாடு நின்ற இடத்திலேயே செத்துப்போகும். அந்த அவசரத்தில் இதை யோசித்த மனுசன் தன்னுடைய மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டுப் போனார். வீமன் கொடிகாமம் வரை கூடவே வந்தது.

1996இல் திரும்பி வந்தபோது கொட்டில் வெறுமை. அம்மப்பா சைக்கிளில் ஊரூராகத் தேடியிருக்கிறார். இதற்குப் பிறகு கதை இரண்டாகப் பிரிகிறது. அம்மா சொல்வது: கோப்பாயில் ஒரு வளவில் சிவப்பி நின்றது, காலடியில் ஒரு நாகுகன்று. கைக்குழந்தையோடு ஒரு பெண் கறந்துகொண்டிருந்தார். அம்மப்பா தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார். பெரியம்மா சொல்வது: அது சிவப்பியே இல்லை, அதற்கு மற்றப் பக்கத்துக் கொம்புதான் மடங்கியிருந்தது. அம்மப்பா இருந்த காலத்தில் நானே அவரிடம் கேட்டேன். "மாடு நல்லா நிண்டது" என்றார். எந்த மாடு என்று சொல்லவில்லை.

எனக்கு அம்மாவின் கதையில்தான் நம்பிக்கை. வேறு யாருடையவோ மாடு என்றால் அவ்வளவு தூரம் போனவர் அடுத்த நாளும் தேடியிருப்பார். அதற்குப் பிறகு அவர் தேடப் போகவேயில்லை.

2021 கடைசியில் கொழும்பில் பால்மாவுக்கு வரிசையில் நின்றோமே, அப்போதும் அம்மா சிவப்பியின் பாலைப் பற்றிப் பக்கத்தில் நின்றவரிடம் தொடங்கிவிட்டார். அவர் மன்னார்ப் பக்கத்தவர். தங்கள் வீட்டு ஜமுனாபாரி இன ஆடுகளின் கதையை எடுத்துவிட்டார். இருவரும் கொம்பு, காது, கன்று என்று போய்க்கொண்டிருக்க, பின்னால் நின்ற ஆட்கள் முந்திப் போய்விட்டார்கள். அன்றைக்குப் பால்மா கிடைக்கவில்லை.