ஈ.எஸ்.ஐ. பணம் வரும்போது சம்பள விடுப்பும் எடுக்கலாமா?

கேள்வி: ஏழு வருடமாக ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். காசநோய் காரணமாக டிசம்பர் 1 முதல் விடுப்பில் இருக்கிறேன். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உதவித்தொகை வருகிறது. எனக்கு 18 நாள் ஈ.எல். (சம்பளத்தோடு கூடிய ஈட்டிய விடுப்பு) மீதி உள்ளது. "அதை இப்போதே எழுதிக் கொடு, சம்பளமும் வரும், ஈ.எஸ்.ஐ. பணமும் வரும்" என்கிறார் எங்கள் ஹெச்.ஆர். பொங்கல் அன்றைக்கும் சம்பளம் போட்டுவிட்டார்கள். ஈ.எஸ்.ஐ. பணத்தை நிறுத்திவிடுவார்களா?

பதில்: நிறுத்த மாட்டார்கள். ஆனால் ஒரே நாளுக்கு இரண்டு பணமும் கிடைக்காது. எந்த நாளுக்குச் சம்பளம் வாங்குகிறீர்களோ, அது விடுப்பானாலும் விடுமுறையானாலும், அந்த நாளுக்கு நோய்க்கால உதவித்தொகை கிடையாது. 1948-ல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்திலிருந்தே உள்ள விதி இது. உங்கள் ஹெச்.ஆருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

பொங்கலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சம்பளம் போட்ட அந்த ஒரு நாளுக்கு மட்டும் உதவித்தொகை வராது, அவ்வளவுதான். விடுமுறை என்பதற்காக மட்டும் எந்த நாளையும் கழிக்க முடியாது. சம்பளம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கும் உதவித்தொகை உண்டு.

இப்போது ஈ.எல். கணக்குக்கு வருவோம். உங்கள் தினச் சம்பளம் சுமார் 600 ரூபாய். உதவித்தொகை அதில் 70 சதவீதம், அதாவது 420. பதினெட்டு நாளுக்கும் ஈ.எல். போட்டால் 10,800 வரும், 7,560 போய்விடும். சேர்த்துவைத்த விடுப்பையெல்லாம் கரைத்து உங்கள் கைக்குக் கூடுதலாக வருவது 3,240 ரூபாய்தான். அதனால் பொதுவாக நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நோய்வாய்ப்பட்ட முதல் இரண்டு நாளுக்கு உதவித்தொகை கிடையாது என்பதால், அந்த இரண்டு நாளுக்கு மட்டும் ஈ.எல். கேளுங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை உங்களுக்கு வேறு நோய் வந்தால் உதவித்தொகை வேண்டுமென்றால், அக்டோபர் முதல் மார்ச் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாளுக்கு உங்கள் பெயரில் ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். உதவித்தொகை வாங்கும் நாளுக்குச் சந்தா கிடையாது. சம்பள விடுப்பு நாளுக்கு உண்டு. நீங்கள் மாதச் சம்பளக்காரர் என்பதால் அக்டோபரில் 31, நவம்பரில் 30, ஆக 61. பொங்கலோடு 62. இன்னும் 16 நாள் குறைகிறது. மார்ச் முதல் வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டால் அந்த 16 நாளும் தானாக வந்துவிடும், ஈ.எல்லைத் தொட வேண்டாம். மார்ச் முடியும்வரை திரும்ப முடியாது என்று மருத்துவர் சொன்னால் மட்டும், அந்த மாதம் முடிவதற்குள் 16 நாள் ஈ.எல். எடுங்கள். முதல் இரண்டு நாளுக்கு ஈ.எல். கிடைத்திருந்தால் அதுவும் இதில் சேரும், பிறகு 14 போதும். கையெழுத்துப் போடுவதற்கு முன் சந்தா பதிவான நாட்களை ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் கணக்கில் நீங்களே பாருங்கள்.

சாதாரண உதவித்தொகை அடுத்தடுத்த இரண்டு பயன்காலத்தில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 91 நாளுக்குத்தான். அதன் பிறகு என்ன செய்வது என்று தவிக்க வேண்டாம். காசநோய், நீட்டிக்கப்பட்ட உதவித்தொகைக்கான 34 நோய்களில் ஒன்று. அதில் தினச் சம்பளத்தின் 80 சதவீதம், உங்களுக்கு நாளொன்றுக்கு 480 ரூபாய் கிடைக்கும். இரண்டு வருடத் தொடர் பணியும், முந்தைய நான்கு சந்தாக் காலத்தில் (இதுவும் ஆறு ஆறு மாதம்) 156 நாள் சந்தாவும் வேண்டும். ஏழு வருடம் வேலை பார்த்த உங்களுக்கு இது தடையாக இருக்காது.

இந்த இடத்தில்தான் ஏஜென்ட் வந்து நிற்பான். "எக்ஸ்டென்ஷன் வாங்கித் தருகிறேன், வருவதில் ஒரு பங்கு கொடு" என்பான். ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். ஈ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றிதழும் உங்கள் கோரிக்கைப் படிவமும்தான் தேவை. பணம் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். பாஸ்புக்கையோ ஏ.டி.எம். கார்டையோ கேட்கிறவன் திருடன்.

அதைவிட ஆபத்து, தேதி போடாத விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும் நிறுவனம். நீங்கள் உண்மையிலேயே சம்பளமில்லாமல் விடுப்பில் இருந்தீர்களா என்று ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் நிறுவனத்திடம் எழுதிக் கேட்கும். அங்கே நிறுவனம் ஒன்று சொல்லி, உங்கள் படிவம் வேறொன்று சொன்னால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டப்போவது நீங்கள்தான், ஹெச்.ஆர். அல்ல. கிளை அலுவலகத்தின் கடிதத்துக்கு நிறுவனத்திடமிருந்து பதில் வராமல் வாரக்கணக்கில் கிடக்கும்போதும் கஷ்டப்படுவது நோயாளிதான். நிறுவனத்தின் அலட்சியத்துக்கு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வட்டிக்குக் கடன் வாங்கும் தொழிலாளியைக் காக்கவைப்பது என்ன நியாயம்? எத்தனை வருடமாகச் சொல்லியும் இது மாறவில்லை.

எனவே பொங்கல் சம்பளத்தை மறைக்காமல் அந்த ஒரு தேதியைக் கோரிக்கைப் படிவத்தில் எழுதிவிடுங்கள். ஈ.எல். எடுத்தால் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று நிரப்பிய கடிதத்தின் நகலை, நிறுவனத்தின் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை வாங்கும் காலத்தில் பொதுவாக உங்களை வேலையிலிருந்து நீக்க முடியாது. "ராஜினாமா எழுதிக் கொடு, குணமானதும் எடுத்துக்கொள்கிறோம்" என்று யார் சொன்னாலும் எழுதாதீர்கள்.