நோர்எபிநெப்ரின் உடலிலும் மனத்திலும் என்ன செய்கிறது?

குளவி கலைந்த மலையில் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர், லயத்துக்குத் திரும்பிய பின்னும் நெஞ்சு படபடத்து உறங்காமல் கிடப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அட்ரினலினோடு சேர்ந்து, நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருளான நோர்எபிநெப்ரினுக்கும் இதில் பெரும் பங்குண்டு. ஆபத்தில் உடலை ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்புகளின் முனைகளிலிருந்து வெளிப்பட்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும் இதுவே, மூளைத்தண்டிலுள்ள ‘லோக்கஸ் செருலியஸ்’ என்னும் நீலம் பாரித்த சிறு பகுதியிலிருந்து மூளையெங்கும் பரவும்போது, கவனத்தைக் கூர்மையாக்கி, அஞ்சிய கணத்தை நினைவில் ஆழப் பதிக்கிறது. ஆபத்து நீங்கியும் இவ்வமைப்பு அடங்காதிருப்பது, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலில் காணப்படுவதே.

மனச்சோர்வை ‘நோர்எபிநெப்ரின் குறைந்துவிட்டது’ என்று மட்டும் விளக்குவது எனக்கு உடன்பாடில்லை. வென்லாஃபாக்சின் என்னும் மனச்சோர்வு மருந்து, செரோடோனின் என்னும் இன்னொரு நரம்புச் செய்திப் பொருளோடு இதன் மீளுறிஞ்சலையும், அதாவது வெளிப்பட்டதை நரம்பு முனை திரும்ப இழுத்துக்கொள்வதையும், (போதிய அளவில் எடுத்தால்) விரைவிலேயே தடுக்கத் தொடங்குகிறது. குறைவு மட்டுமே காரணமென்றால் மனமும் விரைவில் தேறவேண்டும்; ஆனால் அதற்கோ வாரக்கணக்கில் ஆகிறது.