நாலு பேர் வைத்திருக்கும் கருவிக்கு கெர்னலில் இடம் வேண்டுமா?

லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பழைய, அரிதான வன்பொருள்களுக்கு டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) வைத்திருக்கலாமா என்று கேட்டவர்களுக்கு, கைக்கு வந்த வரிசையில் பதில்.

கே: அண்ணா, யாரும் தொடாத ஃபிளாப்பி டிரைவர் எல்லாம் எதுக்கு? என் ரேமைத்தானே தின்னுது?

தின்னாது. டிரைவர்கள் பெரும்பாலும் மாட்யூலாக, அதாவது தனித்துண்டாக, வட்டில் கிடக்கும், தேவைப்பட்டால்தான் நினைவகத்தில் ஏறும். எல்எஸ்மாட் (ஏறிய மாட்யூல்களைப் பட்டியலிடும் கட்டளை) போட்டுப் பாருங்கள், ஏறியிருப்பது கொஞ்சம்தான்.

கே: அப்புறம் ஏன் தூக்கணும்னு சண்டை போடுறாங்க?

பராமரிப்பு. கெர்னலின் உள் இடைமுகத்தை ஒருவர் மாற்றினால், அதை அழைக்கும் எல்லா டிரைவரையும் அவரேதான் திருத்த வேண்டும். 2017-இல் டைமர் அமைக்கும் முறை மாறியபோது நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தொட வேண்டியிருந்தது. அதில் பல டிரைவர்களுக்கான வன்பொருளைத் திருத்தியவர் பார்த்தே இருக்க மாட்டார், கம்பைல் ஆனால் சரி என்று அனுப்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

கே: எத்தனை பேர் பயன்படுத்தினால் வைக்கலாம் சார்?

தலையை எண்ணுவதில் பிரயோஜனம் இல்லை. வன்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சோதிக்க ஒருவர் இருக்கிறாரா, அதுதான் என் அளவுகோல். அந்த ஃபிளாப்பியையே பாருங்கள். 2019-இல் அதன் பராமரிப்பாளரிடம் வேலை செய்யும் ஃபிளாப்பி வன்பொருளே இல்லாமல் போய்விட, டிரைவருக்குப் பொறுப்பாளர் இல்லை என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் குறித்துவைத்தார். ஆனால் நீக்கவில்லை, ஏனென்றால் மெய்நிகர் இயந்திரங்கள் (மென்பொருளால் ஆன போலிக் கணினிகள்) இன்னும் ஃபிளாப்பியைப் போலச் செய்துகாட்டுகின்றன. கொஞ்ச நாளில் வேறொருவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஒரே ஒரு ஆள், டிரைவர் பிழைத்தது.

கே: மாட்யூல் சும்மா கிடந்தா ஆபத்து இல்லையே?

இருக்கிறது! என்_எச்டிஎல்சி என்று ஒரு மாட்யூல், தொடர் இணைப்புக் கருவிகளுக்கானது. 2009-இல் நுழைந்த பிழை 2017-இல்தான் வெளியே வந்தது. உங்களிடம் கருவியே இல்லாவிட்டாலும் சாதாரண பயனர் ஒருவர் அதைத் தானாக ஏறவைத்து ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆகிவிட முடிந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத நிரலில் பிழை இப்படித்தான் வருடக்கணக்கில் தூங்கும்.

கே: எங்க லேப் கருவிக்கு நானே டிரைவர் எழுதினேன். கெர்னலில் சேர்க்க அனுப்பலாமா?

யூஎஸ்பி கருவியா? முதலில் லிப்யூஎஸ்பியில் (கெர்னல் டிரைவர் எழுதாமலே யூஎஸ்பி கருவியோடு பேச உதவும் நிரலகம்) முடியுமா பாருங்கள், ஸ்கேனர்கள் பெரும்பாலும் கெர்னலுக்கு வெளியேதான் ஓடுகின்றன. இன்டரப்ட் (கருவி செயலியைக் கூப்பிடுவது), டிஎம்ஏ (கருவி நேரடியாக நினைவகத்தைத் தொடுவது) என்று வந்தால் தாராளமாக அனுப்புங்கள். வெளியே வைத்தால் புது கெர்னல் வரும்போதெல்லாம் நீங்கள்தான் மாரடிக்க வேண்டும். ஆனால் அனுப்பிவிட்டு மாயமாகிவிடாதீர்கள், மின்னஞ்சலுக்குப் பதில் போட ஆள் வேண்டும்.

கே: நீக்கிட்டா பழைய மெஷின் வச்சிருக்கவங்க கதி?

லினஸ் லினக்ஸைத் தொடங்கியதே இன்டெலின் 386 செயலியில்தான். அதற்கான ஆதரவை 3.8 பதிப்பில் கழற்றியபோது அவர் கண் கலங்கவில்லை. இன்டெலின் இட்டானியம் செயலிக்கான ஆதரவு 6.7-இல் போனது. பழைய கெர்னல் அந்த இயந்திரத்தில் தொடர்ந்து ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்ற பிறகு இணையத்தில் மட்டும் இணைக்காதீர்கள்.