டேப் சுத்தியும் சொட்டுது!

கேள்வி: கிச்சன் குழாயை எவ்ளோ இறுக்கி மூடினாலும் வாய் வழியா சொட்டுதுங்க, ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து கழட்டி டெஃப்லான் டேப்பை பத்து சுத்து சுத்தி மாட்டினேன், இன்னும் சொட்டு நிக்கல, வீட்ல ப்ளம்பரை கூப்பிடுங்கன்னு ஒரே நச்சரிப்பு. எங்க தப்பு பண்ணேன்?

பதில்: டேப் செவுத்துக்கிட்ட மரை வழியா கசியறத நிறுத்தத்தான் சார், வாய்ல சொட்டறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நிறைய சுத்து திருகுற பழைய மாடல்னா உள்ள ரப்பர் வாஷர் தேஞ்சிருக்கும், கால் சுத்துல மூடுற மாடல்னா வாஷரே கிடையாது, தண்ணியத் திறந்து மூடுற செராமிக் டிஸ்க் (பீங்கான் தட்டு) இருக்கற கார்ட்ரிட்ஜ்ங்கற உள் பாகத்தை அப்படியே மாத்தணும். பழசைக் கையோட கடைக்கு எடுத்துட்டு போங்க, கண்ணளவுல வாங்கினா மறுபடி நடக்கணும். புது வாஷர் போட்டும் சொட்டுதா, விரலை உள்ள விட்டு வாஷர் உக்கார்ற எடத்தைத் தடவிப் பாருங்க, சொரசொரன்னு பள்ளமா இருந்தா குழாயையே மாத்திடறது நல்லது. கழட்டறதுக்கு முன்னாடி குழாய்க்குத் தண்ணி வர்ற வால்வை மூடிட்டு சிங்க் ஓட்டையில ஒரு துணியை அடைச்சிருங்க, நான் ரெண்டையும் மறந்து தொப்பலா நனைஞ்சு ஸ்க்ரூவையும் உள்ள விட்டவன். டேப்பை மரை நுனி உங்களைப் பாக்கற மாதிரி வச்சு கடிகாரம் சுத்தற பக்கமா சுத்துங்க, மாத்தி சுத்தினா முடுக்கும்போதே சுருண்டு வந்துரும்.